கரடிப் படத்துக்கு அக்கா வந்த கதை

எங்கள் சபையில் சினிமா பாவம். ஆனால் அந்தப் பாவம் எல்லாருக்கும் ஒரே அளவில் கிடையாது. பதினாலு வயதுவாக்கில் பிள்ளைகள் வேதபாடம் படித்து, பேராயர் முன்னால் முழங்கால் போட்டு, விசுவாசத்தைத் தங்கள் வாயாலேயே அறிக்கையிடுவார்கள். அதற்குத் திடப்படுத்தல் என்று பேர். அது ஆகிவிட்டால் பெரியவர்கள். பெஞ்சில் உட்காரலாம், இராப்போஜனத்தில் அப்பமும் திராட்சரசமும் வாங்கலாம், சினிமாக் கொட்டகைப் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. ஆகாதவர்கள் கோயிலுக்குள் முன்னால் விரித்த பாயில் உட்கார வேண்டும். அவர்கள் சினிமா பார்த்தால் அது பெற்றோரின் தலைவலி.

எழுபதுகளின் நடுவில் திருப்பதியில் எங்கள் சபைக்கு நாற்பது குடும்பம் இருந்தால் அதிகம். நைனா, அதாவது எங்கள் அப்பா, மிஷன் பள்ளியில் வாத்தியார், சபைக் கமிட்டிக்குக் காரியதரிசி. எனக்கு ஒன்பது வயது. அக்காவுக்குப் பதினாலு. அந்த வருஷம் பேராயர் வந்து அவள் தலையில் கை வைத்துவிட்டுப் போனார். அதற்கடுத்த ஞாயிறே அவள் பாயை விட்டு எழுந்து, அம்மாவோடு பெஞ்சில் போய் உட்கார்ந்துகொண்டாள். கண்ணால் ஜாடை காட்டிக் கூப்பிட்டேன். பாட்டுப் புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என்னைத் தெரியாதவள் மாதிரி இருந்தாள். வீட்டுக்கு வந்து சண்டை போட்டேன். "நீ சின்னப் பொண்ணு, ஒனக்குப் புரியாது" என்றாள். போன வாரம் வரை எனக்குப் புரிகிற விஷயங்களைத்தான் அவளும் பேசிக்கொண்டிருந்தாள்.

எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறுதான் இராப்போஜனம். பேராயர் வந்துபோனது மாத நடுவில். ஆகவே அக்கா முதன்முதலாக அப்பம் வாங்க மூன்று வாரம் காத்திருக்க வேண்டியிருந்தது. நாயுடுபேட்டையில் இருந்த சித்தி அதற்கென்று வெள்ளைப் புடவை எடுத்துக்கொண்டு வருவதாகக் கடுதாசி போட்டிருந்தாள். அந்த மூன்று வாரத்துக்கு நடுவில்தான் ஊருக்குக் கரடிப் படம் வந்தது.

முழுக்க வரைந்தே எடுத்த இங்கிலீஷ் படம், சனிக்கிழமை காலைக் காட்சி மட்டும். ஒரு கரடிக்குட்டி வளர்ந்து பெரிதாவதுதான் கதை, குடும்பத்தோடு பார்க்கலாம் என்று தட்டியில் எழுதியிருந்தார்கள். ஞாயிறுப் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துப் போகலாமா என்று டீச்சரம்மா கேட்க, விஷயம் கமிட்டிக்குப் போனது. கமிட்டியில் ஒரு பழைய ரயில்வே கார்டு இருந்தார். அவருக்குப் பச்சைக்கொடி காட்டிய காலமெல்லாம் மறந்துபோய், சிவப்புக்கொடி மட்டும்தான் ஞாபகம்.

"வரைஞ்சதோ புடிச்சதோ, ஓடுறது கொட்டாயிலதானேபா?" என்றார்.

"மனுசன் வேசம் கட்டி ஆடுனாத்தான் ஐயா சினிமா. இது வெறும் பொம்ம. அதுவும் கரடி" என்றார் நைனா.

பாஸ்டர் ஐயா கொஞ்சநேரம் யோசித்து, கரடிக்கு ஆத்துமா கிடையாது என்றார். அதோடு தகராறு தீர்ந்தது. திடப்படுத்தல் ஆகாத பிள்ளைகள் மட்டும் போகலாம், ஆனவர்கள் யாரும் கொட்டகைக்குள் கால் வைக்கக் கூடாது என்று நைனா நோட்டில் எழுதினார். அப்படியானால் பிள்ளைகளோடு உள்ளே உட்காரப் பெரியவர் ஒருவர்கூட மிஞ்சவில்லை என்பது அங்கே யாருக்கும் தோன்றவில்லை. தோன்றியபோது நாங்கள் கொட்டகை வாசலில் வரிசையில் நின்றுகொண்டிருந்தோம்.

டீச்சரம்மா டார்ச் லைட் அடிக்கும் ஆளைக் கூப்பிட்டு, இருபத்திரண்டு பிள்ளைகளையும் எண்ணி அவர் கையில் ஒப்படைத்தார். துணைக்கு வந்த அக்கா, தண்ணீர்க் கூஜாவோடு எதிரே சோடாக்கடை நிழலில் நின்றாள். பக்கத்துத் தெருவில் ஒரு சபைக்கார அம்மாளுக்குப் பிள்ளை பிறந்திருந்தது. படம் முடிவதற்குள் அதைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று டீச்சரம்மா கிளம்பிவிட்டார்.

உள்ளே எங்களைத் தவிர இருந்தவர்கள் எல்லாம் மொட்டைத் தலைகள். மலையிலிருந்து இறங்கி, ரயிலுக்கு நேரம் இருக்கிறதென்று மின்விசிறிக் காற்றுக்காக நுழைந்தவர்கள். தலையில் பூசிய சந்தனம் அந்த இருட்டிலும் மணத்தது. பாதிப் பேர் சாமி படம் என்று நினைத்து வந்திருக்க வேண்டும். எனக்குப் பின்னால் இருந்த கிழவர் டார்ச் ஆளைக் கூப்பிட்டு, அந்தக் கரடி ஜாம்பவானா என்று தெலுங்கில் விசாரித்தார். டார்ச் ஆள் எதற்கு வம்பு என்று ஆமாம் சொல்லிவிட்டுப் போனார். கிழவர் கையைக் கட்டிக்கொண்டு பயபக்தியோடு பார்க்க ஆரம்பித்தார்.

அம்மாக் கரடி குட்டிக்கு மீன் பிடிக்கவும் தேன் எடுக்கவும் சொல்லிக்கொடுத்தது. ஆபத்து வந்தால் அது ஒரு உறுமல் உறுமும், குட்டி மரத்தில் ஏறிக்கொள்ளும். ஆபத்து போனதும் இறங்கி வரும். இப்படியே பல தடவை நடந்தது. நாங்கள் ஒவ்வொரு தடவையும் கைதட்டினோம். பிறகு ஒருநாள் ஆபத்து எதுவும் இல்லாமலே அம்மாக் கரடி உறுமியது. குட்டி ஏறிக்கொண்டது. அம்மா அதை ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு நடக்க ஆரம்பித்தது. திரும்பவேயில்லை. இருட்டியது, மழை பெய்தது, விடிந்தது. குட்டி கிளையைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தது. நான் விசும்ப ஆரம்பித்துவிட்டேன். பக்கத்து நாற்காலி மொட்டை அம்மாள் "ஏடவகம்மா, அழாத" என்று சொல்லி, பொட்டலத்தைப் பிரித்து மலை லட்டில் ஒரு துண்டை என் கையில் வைத்தாள். அழுகையோடு அழுகையாக அதைத் தின்றுவிட்டேன். சபைப் பிள்ளைகள் அதைத் தொடக்கூட மாட்டோம். இதுபற்றிக் கமிட்டி பிற்பாடு என்னைக் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

இடைவேளையை அந்த இடத்தில் போய் விட்டார்கள். நான் வெளியே ஓடினேன்.

"இன்னாடி? யாரு அடிச்சாங்க?" என்றாள் அக்கா.

"குட்டிய மரத்து மேல உட்டுட்டு அதோட அம்மா போய்க்கினே இருக்குதுக்கா."

"வந்துடும், போ. போய்ப் பாரு."

"நீ வந்தாத்தான் போவேன்."

கெஞ்சினாள், அதட்டினாள். நான் கூஜாவைப் பிடித்துக்கொண்டு தெருவே பார்க்கிற மாதிரி அழுதேன். அக்கா தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தாள். மணி அடித்துவிட்டது. "உன்ன உக்கார வெச்சிட்டு ஒடனே வந்துடுவேன், சரியா?" என்று என் கையைப் பிடித்தாள். டார்ச் ஆள் அவளையும் ஒரு பிள்ளையாக எண்ணி உள்ளே விட்டார்.

அக்கா நாற்காலியின் நுனியில், கூஜாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நான் அழுதது அதிகம் போனால் பத்து நிமிஷம். குட்டி பசி தாங்காமல் தானாகவே மரத்திலிருந்து சறுக்கிச் சேற்றில் விழுந்ததும் சிரித்துவிட்டேன். "நான் அழலக்கா, நீ போ" என்றேன். "இரு" என்றாள். கொஞ்சநேரம் கழித்து மறுபடி சொல்லித் திரும்பிப் பார்த்தேன். அவள் நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கூஜா கீழே இருந்தது.

குட்டி வளர்ந்தது. தானே மீன் பிடித்தது, தோற்றது, மறுபடி பிடித்தது. கடைசியில் பெரிய கரடியாகி ஒரு ஆற்றங்கரைக்கு வந்தபோது, எதிர்க்கரையில் அதன் அம்மா தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளும் என்று நான் எழுந்தே நின்றுவிட்டேன். இரண்டும் ஒன்றையொன்று பார்த்தன. பிறகு இது ஒரு பக்கம், அது ஒரு பக்கமாகப் போய்விட்டன. என்ன படம் இது என்று எனக்குக் கோபம் வந்தது. அக்காவைப் பார்த்தால் அவள் கன்னமெல்லாம் தண்ணீர். பெரியவளாகிவிட்டேன் என்று பீற்றிக்கொண்டவள், சேற்றில் விழுந்து எழுந்த கரடிக்காக அழுகிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

மொட்டைத் தலைகளுக்கு நடுவில் நாங்கள் கையைக் கோத்துக்கொண்டு வெளியே வந்தபோது, டீச்சரம்மா வாசலில் நின்றிருந்தார்.

மறுநாள் ஆராதனை முடிந்ததும் கமிட்டி கூடியது. அக்கா சுவரோரம் நின்றாள். பிள்ளை அழுதது, சமாதானப்படுத்தப் போனாள் என்றால் ஒரு எச்சரிக்கையோடு விட்டுவிடலாம், தானாகப் போனாள் என்றால் இராப்போஜனத்தை ஒரு மாதம் நிறுத்த வேண்டும் என்று பாஸ்டர் ஐயா சொன்னார். நைனா என்னைக் கூப்பிட்டார். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஞாயிறுப் பள்ளிப் பையன்கள் ஐந்தாறு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் காலையிலிருந்தே என்னை அழுமூஞ்சி என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"பாப்பா, பயப்படாம சொல்லு. நீ அழுததாலதானே அக்கா உள்ள வந்துச்சு?"

அவர் கேட்ட மாதிரியில் பதிலும் இருந்தது. தலையை ஆட்டினால் போதும். நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"நான் ஒண்ணும் அழல நைனா. நான் இன்னா சின்னக் கொழந்தயா?"

எல்லாரும் அக்காவைப் பார்த்தார்கள். அக்கா என்னைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

"ஆமா நைனா. நானாத்தான் போனேன்" என்றாள்.

நைனா நோட்டில் எழுதினார். அவர் கையெழுத்து அச்சுமாதிரி இருக்கும் என்று ஊரே சொல்லும். அந்தப் பக்கத்திலும் அப்படித்தான் இருந்ததாம்.

வீட்டில் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "நெசத்தச் சொல்லுடி, அழுதியா இல்லியா?" என்று இரண்டு தடவை கேட்டாள். ஒரு தடவை சொன்ன பொய்யை மாற்றினால் மானம் போய்விடும் என்று இரண்டு தடவையும் இல்லை என்றேன். அக்கா அடிப்பாள், பேசமாட்டாள் என்று பயந்துகொண்டிருந்தேன். அவள் அடுத்த நாள் எனக்குச் சடை பின்னும்போது, "மொத பாதியில இன்னா ஆச்சு? மொதல்லருந்து சொல்லு" என்றாள். அவள் பார்த்தது பின்பாதி மட்டும்தானே. நான் உறுமிக் காட்டி, மரம் ஏறிக் காட்டி முழுசாகச் சொன்னேன். ரிப்பனைப் பல்லில் கடித்துக்கொண்டு கேட்டாள். அம்மாக் கரடி போகிற இடத்தை மட்டும் மறுபடி ஒரு தடவை சொல்லச் சொன்னாள்.

முதல் ஞாயிறன்று காலையில் சித்தி புடவையோடு வந்து இறங்கினாள். அவளுக்குச் சேதி எழுத யாருக்கும் கை வரவில்லை. அம்மா வாசலில் வைத்து முணுமுணுவென்று சொல்லி முடித்ததும் சித்தி புடவைப் பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்தாள். பிறகு, "எடுத்தது எடுத்தாச்சு. கட்டிக்கினு வரட்டும்" என்றாள். அக்கா அந்த வெள்ளைப் புடவையைக் கட்டிக்கொண்டு, நேராகப் பாய்க்கு வந்து, எனக்குப் பக்கத்தில் மூக்கொழுகும் பிள்ளைகளுக்கு நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அதுதான் தண்டனை என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

பாஸ்டர் ஐயா அப்பத்தைப் பிட்டார். பெஞ்சு பெஞ்சாக எழுந்து எங்களைத் தாண்டி முன்னால் போனார்கள். அம்மா போனாள், சித்தி போனாள், ரயில்வே கார்டு போனார். நைனா மட்டும் எழுந்திருக்கவில்லை. குனிந்து பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கால் வலியாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அக்கா நிமிர்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அன்று யாரைப் பற்றியும் கவலை இல்லை. அவள் பெரியவளாக இருந்து சலித்துப்போய் எங்களிடமே திரும்பி வந்துவிட்டாள், இனிமேல் எங்கேயும் போகமாட்டாள் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில், அவள் மடியில் தலையை வைத்துப் படுத்துத் தூங்கிப்போனேன்.