கடலில்லாத கச்சேரி ஊர்

போன கிழமை அமெரிக்காவிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அனுப்பியவள் சப்னா. சுனாமிக்குப் பிறகு மருதமுனையில் கூடாரத்துக்குள் நடந்த பள்ளிக்கூடத்தில் என்னிடம் படித்தவள். இப்போது புருஷன் பிள்ளையோடு அங்கே ஒரு சின்ன ஊரில் குடியிருக்கிறாள். பெட்டியைத் திறந்ததும் நான் செய்த முதல் வேலை சொக்லட்டை எடுத்து மூக்கில் வைத்து மணந்து பார்த்ததுதான். பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் என்னென்ன சேர்த்திருக்கிறான் என்று பொடி எழுத்தை வாசித்தேன். "ஏன் உம்மா, அவ உங்களுக்கு நஞ்சா அனுப்பப் போறா?" என்று என் மகள் சிரித்தாள். சிரிக்கட்டும். சும்மா வருகிற எதையும் மணந்து பார்க்காமல் உள்ளே எடுக்காத புத்தி எனக்கு அந்தக் கூடாரங்களில் வந்தது, இனிப் போகாது.

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். நாங்கள் பல்லையும் பார்த்தோம், வாலையும் தூக்கிப் பார்த்தோம். வந்த சாமான்களும் அப்படித்தானே இருந்தன! வியர்த்து வழிகிற எங்களுக்குத் தடித்த கம்பளிச் சட்டை வந்தது. ஒற்றைக் கால் சப்பாத்து வந்தது. என்ன இறைச்சி என்று தெரியாத டின் வந்தது. அதைப் பள்ளிவாசலுக்குக் கொண்டுபோய்க் காட்டினால் அங்கேயும் அந்த எழுத்து யாருக்கும் தெரியவில்லை. டின்னைப் பூனைக்கு வைத்தோம், பூனையும் மணந்து பார்த்துவிட்டுத்தான் தின்றது. கம்பளிச் சட்டைகளைச் சுருட்டித் தலையணையாக்கினோம். அவற்றின் பூச்சியுருண்டை மணம் எங்காவது வந்தால் இன்றைக்கும் எனக்குக் கூடாரத் துணியில் மழை விழுகிற சத்தம் கேட்கும்.

அப்படியொரு கம்பளிப் பெட்டியின் அடியில்தான் அந்தப் புத்தகம் கிடந்தது. சின்னப் பிள்ளைகளுக்கு எழுதிய ஆங்கிலப் புத்தகம், பக்கத்துக்குப் பக்கம் படம். சிவப்புச் சட்டை போட்ட ஒரு சிறுமி தன்னுடைய ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். ஊர் சின்னதுதான், ஆனால் அந்தப் பகுதிக்கே தலைமை ஊர். நடுவில் மணிக்கூடு வைத்த பெரிய கட்டடம், அதற்குள்ளே நீதிமன்றமும் காணிக் கந்தோரும். சுற்றிவரக் கடைகள், வாசிகசாலை, தீயணைக்கும் வண்டி நிற்கிற கொட்டகை. இதற்குத் தமிழில் என்ன சொல்வது என்று யோசித்துவிட்டு, "கச்சேரி இருக்கிற ஊர்" என்று பிள்ளைகளுக்குச் சொன்னேன். எங்களுக்குக் கச்சேரி என்றால் அரசாங்க அலுவல் பார்க்கிற பெரிய கந்தோர். என்னுடைய ஆங்கிலம் அரைகுறை. தெரியாத இடத்தில் நானே இட்டுக்கட்டிவிடுவேன், யார் கேட்கப் போகிறார்கள்?

கேட்டார்கள். எங்கள் பிள்ளைகள் கேள்வி கேட்பதில் அதிரடிப் படையின் சோதனைச் சாவடியையும் மிஞ்சியவர்கள்.

"டீச்சர், அந்தப் பொலிஸ்காரன் ஏன் கையக் காட்டுறான்? நிக்கச் சொல்றானா?"

"இல்ல மகன், சும்மா சலாம் சொல்ற மாதிரி."

"பொய்!"

"அந்தப் புள்ள கச்சேரிக்குள்ள போகுதே, ஐடென்டி காட் கேக்கலயா?"

"டீச்சர், அந்த ஊர்ல எந்தப் பக்கம் நம்மட, எந்தப் பக்கம் அவங்கட?"

நான் பக்கத்தைப் புரட்டினேன். எங்கள் ஊர் முஸ்லிம்களின் ஊர், வடக்கே பெரியநீலாவணை, தமிழாக்களின் ஊர். நல்ல நாளில் ஒரே கடலில் வலை வீசுவோம், கெட்ட நாளில் எல்லையைத் தாண்ட மாட்டோம். எல்லை எதுவென்று பேசத் தொடங்கும் முன்பே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். அப்படி ஒரு கோடு இல்லாத ஊரை அவர்களால் நம்ப முடியவில்லை. உண்மையைச் சொன்னால் எனக்கும் நம்பிக்கையில்லை.

சப்னா மட்டும் வேறொன்று கேட்டாள். "கடல் எங்க டீச்சர்?"

"கடல் இல்ல புள்ள."

"கிட்டவும் இல்லயா?"

"இல்ல. சரியான தூரம்."

அவள் அந்தப் பக்கத்தை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். கடல் அவளுடைய வாப்பாவையும் மூத்தவனான நாநாவையும் கொண்டுபோயிருந்தது. அன்று காலையில் அவளும் உம்மாவும் மெயின் றோட்டுப் பக்கம் சாச்சி வீட்டுக்குப் போயிருந்ததால் தப்பியவர்கள். இரவில் இரண்டு காதையும் பொத்திக்கொண்டுதான் படுப்பாள் என்று சொல்வார்கள். "நாம அங்க போய் இரிப்பமா டீச்சர்?" என்றாள். இந்தக் கேள்விதான் வினையாகப் போனது.

மறுநாளே அவளுடைய உம்மா மன்சூறா வந்து நின்றா. மெலிந்த உடம்பு, ஆனால் நின்றால் கூடாரக் கம்பு மாதிரி நிற்பா. "இந்தப் புத்தகத்தக் குடுத்தது ஆரு?" என்று கேட்டா.

"பெட்டிக்குள்ள வந்த ராத்தா."

"ஆரு அனுப்பின? என்னத்துக்கு அனுப்பின? கவர்மெண்டு சொல்லுது, கடலுக்குக் கிட்ட வூடு கட்டப்படாதாம், வயல் பக்கம் போகட்டாம். அதச் சொல்லி ஒரு கிழமைல கடலில்லாத ஊர்ட படம் வருது. சின்னப் புள்ளைகள மயக்கினா பெரியாக்கள் பின்னால வருவாங்க எண்டு நெனைக்கானுகள்!"

சிரிக்கலாம் போலத்தான் இருந்தது. ஆனால் அவவுடைய கணக்கில் எனக்குப் பிழை தெரியவில்லை. எங்கள் பக்கத்தில் வீடு பெண்பிள்ளைக்குத்தான். கல்யாணமானால் மாப்பிள்ளை வந்து குடியேறுவார், பெற்றவர்கள் பக்கத்தில் ஒரு குசினியைப் போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். வீடில்லாத குமருக்கு எங்கே மாப்பிள்ளை? வீடு போய்விட்டது, இனி அந்தக் கடற்கரை வளவாவது சப்னாவுக்கு மிஞ்ச வேண்டும். காணி உறுதி வைத்திருந்த பெட்டியும் அலையோடு போய்விட்டது. மன்சூறாவுக்கு இருந்த சாட்சி அந்த மண்ணில் விடாமல் போய் நிற்கிற தன்னுடைய இரண்டு கால்தான்.

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் அந்தச் சிறுமி, "இது என் ஊர். உன் ஊரைப் படம் கீறி எனக்குக் காட்டுவாயா?" என்று கேட்டிருந்தாள். சாமான் கொண்டுவந்த வெள்ளைக்காரப் பெண்ணும் கீறச் சொன்னாள், அந்தப் புத்தகம் அனுப்பிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்க் கொடுப்பாளாம். பிள்ளைகள் கீறினார்கள் பாருங்கள்! ஒருவர்கூட கூடாரத்தைக் கீறவில்லை. எல்லாரும் அலை வருவதற்கு முந்திய ஊரைத்தான் கீறினார்கள். பள்ளிவாசல், கிணறு, தோணி, வரிசை வரிசையாக வீடு, ஆட்டுக்குட்டிகூட இருந்த இடத்தில் இருந்தது. நான் அங்குமிங்கும் பார்ப்பதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

மன்சூறாவுக்கு எப்படித்தான் தெரிந்ததோ, ஓடி வந்தா. "ஊரக் கீறி அனுப்புறதா? உனக்குப் புத்தி இரிக்கா டீச்சர்? நம்முட காணியப் புடிச்சவனெல்லாம் மொதல்ல வந்து என்ன செஞ்சான்? படம் கீறினான்! மறுகாதான் வேலி வந்த." சப்னாவின் தாளைப் பறித்தா. ரப்பரை எடுத்து அவர்களுடைய வீட்டை அழிக்கத் தொடங்கினா. கூரை போனது, வாசல் போனது.

"உம்மா! வாப்பா உள்ளுக்கு நிக்காரு!" என்று சப்னா கத்தினாள்.

கை அப்படியே நின்றது. வீட்டுக்குள்ளே பென்சிலால் ஒரு ஆள், இடுப்பில் சாரம் கட்டியிருந்தார். உருவம் கீறக்கூடாதென்று ஓதுகிற இடத்தில் சொல்லிக் கொடுத்திருந்தபடியால் முகத்தில் கண்ணும் இல்லை, வாயும் இல்லை. மன்சூறா அந்த ஆளையே பார்த்துக்கொண்டிருந்தா. பிறகு அவரைச் சுற்றியிருந்த சுவரை மட்டும், அவரில் படாமல், மெதுவாக அழித்து முடித்தா. "இவர் நிக்கட்டும். வூடு வேணா" என்றா. தாளை மடித்து இடுப்பில் சொருகிக்கொண்டு, மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போனா. எனக்கு அன்று பாடம் நடத்த ஏலாமல் போனது.

மற்றப் படங்கள் போயின. பதில் வரவேயில்லை. "பாத்தியா?" என்று மன்சூறா என்னைக் காணும் போதெல்லாம் கேட்பா. என்னத்தைப் பார்ப்பது? பாம்பென்று தாண்டவும் முடியவில்லை, பழுதையென்று மிதிக்கவும் முடியவில்லை. பிறகு சண்டை திரும்பி வந்தது, சாவடிகள் கூடின, கேள்விகளும் கூடின. சண்டை முடிந்ததாகச் சொல்லி வெடி கொளுத்திய நாளிலும் மன்சூறா கதவைத் திறக்கவில்லை. "எது முடிஞ்ச? ஆருக்கு முடிஞ்ச?" என்றா. அதற்குள் அவவையும் வயல் பக்கத்துக்கு எழுப்பியிருந்தார்கள். மழைக்கு முழங்கால் தண்ணீர் நிற்கிற வீடு. கடற்கரை வளவைக் கடலே கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றது, மிஞ்சியதில் கல்லைக் கொட்டினார்கள்.

சப்னாவைக் கேட்டு வந்த மாப்பிள்ளை அமெரிக்காவில் இருக்கிறவன், வீடு வேண்டாம் என்றான். மன்சூறா பயந்துபோனா. "வூடு கேக்காத மாப்பிள்ளையா? அவனுக்கு என்னமோ கொற இரிக்கி" என்று ஆள் விட்டு விசாரித்தா. ஒரு குறையும் இல்லை, பாவம், நல்ல பிள்ளை. மகள் விமானம் ஏறிய அடுத்த வருஷம் மன்சூறா மௌத்தானா.

பார்சலுக்குள் சப்னாவின் இப்போதைய ஊர்ப் படமும் இருந்தது. நடுவில் மணிக்கூட்டுக் கட்டடம். "அந்தப் புத்தகத்துல இரிந்த மாதிரியே டீச்சர்," என்று போனில் குரல் அனுப்பியிருந்தாள். "மகனுக்கு ஸ்கூல்ல உம்மாட ஊரக் கீறிட்டு வரட்டாம். எங்கட வூடு எந்த எடத்தில இரிந்த எண்டு எனக்கு நெனவில்ல. உம்மா கொண்டுபோன தாளும் இல்ல. கேக்க இனி ஆரு இரிக்கா?"

என்னத்துக்குக் கேட்கிறானுகள் என்றுதான் எனக்கு முதலில் வாயில் வந்தது. மன்சூறாவே என் தொண்டைக்குள் உட்கார்ந்து கேட்டமாதிரி இருந்தது, எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தாளை எடுத்துக் கீறினேன். பள்ளிவாசல், கிணறு, தோணி, பக்கத்து வீடுகள். அந்த வளவுக்கு வந்ததும் கை வீடு கீற மறுத்துவிட்டது. சாரம் கட்டிய ஒரு ஆளை மட்டும் நிறுத்தி, போட்டோ எடுத்து அனுப்பினேன்.

விடிய சப்னாவின் குரல் வந்திருந்தது. அழுதிருக்கிறாள், கேட்கத் தெரிந்தது. "டீச்சர், மகன் கேக்கான், எல்லாரும் வூட்டுக்குள்ள இரிக்கிற நேரம் இவர் மட்டும் ஏன் வெளிய நிக்காராம்?"

குரல் அனுப்ப போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "அவர் வெளிய நிக்கல்ல மகன். வூட்டுக்குள்ளதான் நிக்காரு. வூடுதான் இல்ல."