மகளின் தேர்வுக்கு டிப்போவையே அழைத்தேன்

போன வருடம் ஏப்ரலில் ஒரு சாயங்காலம், செங்கல்பட்டில் எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது இது. நான் மாமல்லபுரம் ரூட்டில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். விசில் தொலைந்துபோன நாட்களிலும் என் சத்தத்துக்கு வண்டி நின்றிருக்கிறது.

என் மகள் அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில், கடலோர நிலத்தில் உப்பு ஏறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். முனைவர் பட்டத்துக்குக் கடைசியாக ஒரு வாய்மொழித் தேர்வு. அதை யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாமாம். அங்கே அதுதான் வழக்கம். "நீங்களும் அம்மாவும் ஆன்லைன்ல பாருங்கப்பா" என்று லிங்க் அனுப்பினாள்.

யார் வேண்டுமானாலும் வரலாம் என்றால், என் அகராதியில் அது பொதுக்கூட்டம். பொதுக்கூட்டத்தில் நாலு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தால் பிள்ளைக்கு என்ன மரியாதை? ஓய்வுபெற்ற டிப்போ நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் அந்த லிங்க்கைப் போட்டேன். கீழே, 'அனைவரும் திரண்டு வருக'.

நமக்கு ஆறரை மணி, அவளுக்குக் காலை ஒன்பது. நாவலூரில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் என் மச்சான், மனைவியின் தம்பி, லேப்டாப்பை டிவியோடு இணைத்து மைக்கை அணைத்தான். "மாமா, இத்த மட்டும் தொட்டுடாத" என்று சொல்லிவிட்டு என் பக்கத்திலேயே காவலுக்கு உட்கார்ந்தான்.

மகள் திரையில் வந்தாள். எதிரே நாலைந்து பேராசிரியர்கள். அவள் முதலில் சொன்னது, இந்தப் பல்கலைக்கழகம் நிற்கும் நிலம் பூர்வகுடிகளிடமிருந்து எடுக்கப்பட்டது என்பதைத்தான். அங்கே எந்தக் கூட்டத்தையும் அப்படிச் சொல்லித்தான் தொடங்குவார்களாம். விவசாயி வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்று அந்தக் காலத்தில் அரசாங்கமே தொடங்கிய கல்லூரியாம் அது. மச்சான் எல்லாவற்றையும் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தான். என் தாத்தா காலமெல்லாம் உழுததும் அடுத்தவர் நிலம்தான்.

"நம்ம பக்கம் நெலம் யாருதுன்னு பேசி ஆரம்பிச்சா, அத்தோட மீட்டிங்கே முடிஞ்சிடும்டா" என்றேன். மைக் அணைந்திருந்ததால் பிழைத்தேன்.

டிப்போவின் மைக் அணைந்திருக்கவில்லை.

முதலில் ஒரு பஸ் ஹாரன். அடுத்து, "அண்ணாத்த, பாப்பா தெரிது, சத்தம் வர்ல" என்று ஒரு டிரைவர். "ரெண்டு டீ, ஒண்ணு சக்கர இல்லாம" என்றது வேறொரு குரல். திரையோரம் கட்டம் கட்டமாக வழுக்கைத் தலைகள் முளைத்துக்கொண்டே போயின. ஒரு கட்டத்துக்குள் ஆளே இல்லாமல் மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. மகள் பாதி வாக்கியத்தில் நின்றுவிட்டாள். ஒரு பேராசிரியர் எழுந்து வந்து, ஒரே பொத்தானில் எல்லோர் வாயையும் அடைத்தார்.

அவள் தொடர்ந்தாள். ஆனால் குரல் இறங்கிப்போயிருந்தது. இரண்டு வாக்கியத்துக்கு ஒரு முறை தண்ணீரை எடுத்துக் குடித்தாள்.

"இன்னா பண்ணி வெச்சிகீற நீ?" என்றாள் மனைவி, என் பக்கம் திரும்பாமலே.

கேள்விகள் முடிந்ததும், பேராசிரியர்கள் தனியாகக் கலந்து பேச வேண்டும் என்று பார்வையாளர்களை அனுப்பிவிட்டார்கள். மகளையும் அறைக்கு வெளியே நிறுத்தினார்கள். இதுவும் வழக்கம்தான் என்று மச்சான் எவ்வளவோ சொன்னான். எனக்கோ, என்னால்தான் அவளை வழியில் இறக்கிவிட்டார்கள் என்று தோன்றியது. உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போனேன், சமையலறைக்குப் போனேன், ஃபேனை அணைத்தேன், மறுபடி போட்டேன். குழுவில் வேறு, 'ரிசல்ட் இன்னா?', 'ஸ்வீட் எப்போ?' என்று மணி அடித்துக்கொண்டே இருந்தது.

அப்போது மகளே வீடியோவில் அழைத்தாள். அவளும் நடந்துகொண்டுதான் இருந்தாள். பின்னால் சுவரில் பழைய படங்கள். அந்தக் கல்லூரியின் முதல் மாணவர்கள் மாட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அவள் நடந்த வேகத்தில் மாடுகள் குலுங்கின.

"திட்டிடும்மா" என்றேன்.

"ஏம்ப்பா உங்க ரெண்டு பேருக்கு மட்டும் லிங்க் அனுப்புனேன்? ஃபெயிலாயிட்டா வேற யாருக்கும் தெரியக் கூடாதுன்னுதான்."

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. ஐந்து வருடமாகப் போனில் 'நல்லாருக்கேன்' என்று மட்டுமே சொன்னவளுக்கு இப்படி ஒரு பயம் இருந்தது எனக்குத் தெரியாது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் கதவு திறந்து யாரோ அவளைக் கூப்பிட, அழைப்பு நின்றது.

பிறகு நாங்கள் மூன்று பேரும் போனையே பார்த்துக்கொண்டு நின்றோம். ஒருவழியாகச் செய்தி வந்தது. 'பாஸ்ப்பா. கொஞ்சம் திருத்தம் பண்ணித் தரணும்.'

மனைவி அழுதாள். நான் மச்சானிடம், "அந்தத் திருத்தத்துல நானும் கீறனா?" என்று கேட்டேன்.

"அது ஆராய்ச்சிக்கு மாமா. உன்ன திருத்த அவங்களுக்கு டைம் பத்தாது."

இப்போது அவள் வேலைக்காக ஒவ்வொரு பல்கலைக்கழகமாக விண்ணப்பித்துக்கொண்டிருக்கிறாள். எந்த ஊரில், என்றைக்கு நேர்காணல், கிடைக்காமல் போய்விடுமோ என்ற பயம், எல்லாவற்றையும் என்னிடம் சொல்கிறாள். டீக்கடையில் நண்பர்கள், "பாப்பா வேல இன்னாச்சு அண்ணாத்த?" என்று கேட்கும்போது, ஆறிப்போன டீயை மும்முரமாக ஊதிக்கொண்டிருக்கிறேன். அத்தனை நடந்த பிறகும் அவள் தன் பயத்தை என்னிடம் கொடுத்துவைக்கிறாளே, ஊரையே கூப்பிட்டுப் பழகிய இந்த வாயை மூடிவைத்திருக்க எனக்கு அது ஒன்றே போதும்.