திருநீற்றுப் பொட்டலம்

எங்கள் தாத்தாவின் ஆஸ்தியை ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடலாம். தாராவியில் பத்துக்குப் பத்தில் ஒற்றை அறையாக ஒரு கோலி, அதன் தலைமேல் பலகை அடித்து மாடிபோல எழுப்பிய ஒரு மாலா, அதற்கு ஏறிப்போக வெளிச்சுவரில் ஓர் இரும்பு ஏணி, அப்புறம் இட்லி லைன். லைன் என்றால், சயான், மாஹிம் பக்கம் எங்கள் சைக்கிள்கள் காலையில் இட்லி கொண்டுபோகும் தெருக்கள். அந்தத் தெருக்களில் வேறு இட்லிக்காரன் ஹாரன் அடிக்க மாட்டான். எந்தப் பத்திரத்திலும் எழுதாத சொத்து அது. திருநெல்வேலிப் பக்கம் இருந்த வயலை விற்றுவிட்டு வந்த தாத்தாவோ, அதையும் வயல் என்றேதான் சொல்வார்.

அவருக்கு ஒரு கால் இழுத்துக்கொண்டது. அதோடு, சொத்து யாருக்கு என்று பெரியப்பாவும் என் அப்பாவும் ஒருவரோடொருவர் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். கண்ணை மூடுவதற்குள் பாகம் பிரித்துவிட வேண்டும் என்று தாத்தா எங்கள் ஊர்ச் சங்கத்துப் பெரியவரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

“வயலுன்னா வரப்பு போட்டு வகுத்துருவேன். இந்தத் தீப்பெட்டிய எங்கிட்டுப் போட்டு வகுக்க?” என்று அவரிடம் சலித்துக்கொண்டார்.

தாத்தாவுக்குப் பிள்ளைகள் மூன்று பேர். மூத்தவர் பெரியப்பா, சைக்கிள்களை ஓட்டி லைனைப் பார்த்துக்கொண்டவர். நடுவில் அத்தை. கல்யாணமான இரண்டாம் வருஷமே புருஷனைப் பறிகொடுத்துவிட்டுத் திரும்பி வந்தவள். அரிசி ஊறப்போடுவது, மாவாட்டுவது, ஊர் விழிக்குமுன் அடுப்பு மூட்டுவது எல்லாம் அவள்தான். கடைசி என் அப்பா. ஐரோலியில் ஒரு கம்பெனியில் வேலை. இட்லிக்கும் அவருக்கும் உள்ள சம்பந்தம், காலையில் நாலைந்து தின்றுவிட்டு ரயிலுக்கு ஓடுவதோடு சரி. பெரியப்பா குடும்பம் நாலு சந்து தள்ளி இருந்தது. நாங்கள் மாலாவில் இருந்தோம். தாத்தாவும் அத்தையும் கீழே, அடுப்பை ஒட்டிப் படுத்துக்கொள்வார்கள்.

தாத்தா மூன்று பாகம் என்றார். கீழ்க் கோலி ஒன்று, மாலா ஒன்று, லைனும் சைக்கிள்களும் ஒன்று. பெரியப்பாவுக்குச் சுருக்கென்றது.

“பொட்டப்பிள்ளைக்குமா பாகம்?”

“அவ கை அடுப்புல வேகலன்னா ஒனக்கு ஏதுல லைனு?” என்றார் தாத்தா.

அந்தத் தாத்தாவை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. முந்தின நாள் இட்லித் தட்டுகளைத் தேய்த்துக்கொண்டே அத்தை என்னிடம், “எம் பங்குக்குக் கீழ வீடு வந்தாப் போதும் மக்கா. அடுப்பு இருந்தா நான் யாரு கையையும் எதிர்பாக்க வேண்டாம்” என்று சொல்லியிருந்தாள்.

யாருக்கு எது என்பதைச் சாமி முடிவு செய்யட்டும் என்று விட்டார்கள். பெரியவர் மூன்று பொட்டலம் மடித்தார். திருநீறு கீழ்க் கோலி, குங்குமம் மாலா, மஞ்சள் லைன். மூன்றையும் சட்னி கொண்டுபோகும் போணியில் போட்டுக் குலுக்கினார். கள்ளமில்லாத பிள்ளைதான் எடுக்க வேண்டும் என்பது முறை. வீட்டில் கள்ளமில்லாமல் மிச்சமிருந்தது ஏழு வயது நான் மட்டும்தான். புதுப்பாவாடை கட்டிவிட்டு என்னை நடுவில் உட்காரவைத்தார்கள்.

முதலில் பெரியப்பா பேரைச் சொன்னார்கள். எடுத்துக் கொடுத்தேன். மஞ்சள். அவர் அதைக் கண்ணில் ஒற்றி மடியில் கட்டிக்கொண்டார். அடுத்தது அத்தை. எடுத்தேன். பெரியவர் பிரித்துக் காட்டினார். திருநீறு.

அத்தை சிரித்தாள். சத்தம் போட்டு அவள் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன். பொட்டலத்தில் விரலைத் தொட்டு என் நெற்றியில் பட்டையாகப் பூசிவிட்டாள். அம்மா அப்பாவைப் பார்த்தாள்.

“பிள்ளை இடக்கையாலல்லா எடுத்திருக்கு!” என்றார் அப்பா.

எனக்கு எல்லாமே இடது கைதான். அதுவரை அப்பா அதைப் பெருமையாகத்தான் சொல்லிக்கொண்டிருந்தார். கல்லிச் சந்தில் பையன்களோடு நான் பந்து வீசினால், “எம்மவ லெஃப்டாக்கும்” என்பார்.

“பிள்ளைக்கு எந்தக் கையா இருந்தா என்ன, தம்பி?” என்றாள் அத்தை.

“சாமி காரியம் இல்லயா அக்கா?”

பெரியவர் பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா மடியைத் தடவிக்கொண்டு வாசலைப் பார்த்தார். எல்லாரும் தாத்தாவைப் பார்த்தார்கள். அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். விளங்காத காலை நீவிக்கொண்டே, “பாத்துச் செய்யுங்க” என்றார். அவ்வளவுதான்.

திருநீற்றை மறுபடி மடித்தார்கள். இரண்டு பொட்டலங்களையும் போணியில் போட்டுக் குலுக்கினார்கள். அம்மா என் இடது கையை முதுகுக்குப் பின்னால் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பழகாத வலது கையால் துழாவி அத்தைக்கு ஒன்றை எடுத்தேன். குங்குமம் வந்தது. திருநீறு அப்பாவுக்கு மிஞ்சியது. பொட்டை அழித்துப் பதினோரு வருஷமான அத்தை அந்தப் பொட்டலத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டே நின்றாள்.

அன்று சாயங்காலமே படுக்கையைச் சுருட்டிக்கொண்டு ஏணியில் ஏறினாள். நாங்கள் கீழே வந்தோம். பலகைத் தரையில் அடுப்பு வைக்க முடியாது. பெரியப்பா வேறு கல்லியில் அடுப்புப் போட்டு ஆள் வைத்துக்கொண்டார். சும்மா உட்கார்ந்து சாப்பிட அத்தைக்குத் தெரியாது. மழைக்காலம் முடிந்ததும் மாலாவையும் அப்பாவிடமே விட்டுவிட்டு, மான்குர்த்தில் வாடகைக்கு இடம் பார்த்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். போகட்டும் என்றும் சொல்லவில்லை, இருக்கட்டும் என்றும் சொல்லவில்லை தாத்தா. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார்.

என் கைதான் அத்தையைத் துரத்திவிட்டது என்று நான் நம்பினேன். அந்த மழைக்காலம் முழுக்க யாரும் சொல்லாமலே வலது கையால் சாப்பிட்டேன், வலது கையால் எழுதினேன். அவள் கிளம்பிய அன்று, கோணல்மாணலாக வலது கையால் எழுதிய என் பேரைக் கொண்டுபோய்க் காட்டினேன். அத்தை வெகுநேரம் அதைப் பார்த்தாள். பிறகு பென்சிலைப் பிடுங்கி என் இடது கையில் வைத்து விரல்களை மடக்கி மூடினாள்.

“ஒங்கையில ஒரு குத்தமும் இல்ல மக்கா” என்றாள்.

பெரிய மனது பண்ணி என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நான் அழுதேன். பெரியப்பாவுக்கு மஞ்சளை எடுத்துக் கொடுத்ததும் இதே இடது கைதான். அதைச் செல்லாது என்று யாருமே சொல்லவில்லை. அந்தக் கோலிக்குள் இருந்த பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அது அப்போதே தெரிந்திருந்தது. அத்தைக்கும்தான்.