கொக்கியைக் கட்டியவன் எழுதுவது

அண்ணாவைப் பற்றி இந்த நினைவு மலரில் எழுதும் தகுதி எனக்கு இல்லை. அவையடக்கத்துக்காக இதைச் சொல்லவில்லை. ஏன் என்பது வாசித்துக்கொண்டு போக உங்களுக்கே விளங்கும். வாசித்து முடித்தபின் என்மேல் கோபம் வந்தால் அது நியாயமான கோபம்.

அண்ணா கொட்டாஞ்சேனையில் பிறந்தார். அப்பா துறைமுகத்தில் மூட்டை சுமந்தவர். ஐந்து பிள்ளைகளில் அண்ணா மூத்தவர், நான் கடைசி, நடுவில் மூன்று அக்காமார். அப்பா நெஞ்சுவலியில் போனபோது அண்ணாவுக்குப் பதினேழு வயது. படிப்பை விட்டுவிட்டு இழுவைப் படகுக் கம்பனி ஒன்றில் கயிறு பிடிக்கும் வேலைக்குச் சேர்ந்தார். பெரிய கப்பல்களைத் தள்ளியும் இழுத்தும் துறைமுகத்துக்குள் கொண்டுவருவது, வெளிக்கடலில் நங்கூரமிட்டு நிற்பவற்றுக்குத் தண்ணீரும் சாமானும் கொண்டுபோவது, தரைதட்டியவற்றை மீட்பது, இவைதான் அந்தக் கம்பனியின் தொழில். அங்கே படிப்படியாக ஏறி, இருபது வருடத்தில் கப்டன் ஆனார். அக்காமார் மூவரும் அவருடைய உழைப்பில்தான் கரை சேர்ந்தார்கள்.

மனிதர்களை "டேய்" என்று கூப்பிடுகிறவர், கப்பல்களுக்கு மட்டும் மரியாதை கொடுப்பார். "அவர் பெரிய ஆள், மெல்லத்தான் திரும்புவார், அவசரப்படுத்தாதே" என்பார். கேட்பவர்கள் யாரோ மந்திரியைச் சொல்கிறார் என்று நினைப்பார்கள். சுற்றி வைத்த கயிற்றின்மேல் யாராவது குந்தியிருந்தால் போதும். "கயிறு உனக்குக் கதிரையா? எழும்படா!" என்ற சத்தம் முகத்துவாரம் வரை கேட்கும். கலியாண வீடுகளுக்குப் போனால் மாப்பிள்ளையைப் பார்ப்பதற்கு முன் பந்தலின் முடிச்சுகளைப் பார்ப்பார். பெரியக்காவின் கலியாணத்தில் பட்டு வேட்டியோடு மேசைமேல் ஏறி ஒரு முடிச்சை அவிழ்த்துத் திரும்பக் கட்டியது உங்களில் பலருக்கு நினைவிருக்கும்.

என்னையும் அவர்தான் கம்பனியில் சேர்த்துவிட்டார். முதல் நாள் இழுவைப் படகைக் காட்டிச் சொன்னது இதுதான்: "டக்கில ஏறினா நான் உனக்கு அண்ணன் இல்லை, கப்டன். வீட்டை வந்து அண்ணா எண்டு கூப்பிடு." எட்டு வருடம் அப்படியே கூப்பிட்டேன்.

இனி வருவதைச் சொல்ல, தொழிலை ஒரு சொட்டு விளக்க வேண்டும். எங்கள் படகின் பின்தளத்தில் ஒரு பெரிய இரும்புக் கொக்கி இருக்கும். இழுக்கும் கயிறு அதில்தான் மாட்டியிருக்கும். இழுக்கப்படும் பாரப்படகோ கப்பலோ ஒருபக்கமாக விலகி ஓடினால், கயிறு எங்கள் படகைப் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்த்துவிடும். கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். அதற்காகத்தான் கப்டனின் கைக்குப் பக்கத்தில் ஒரு பிடி. அதை இழுத்தால் கொக்கி திறந்து கயிற்றை விட்டுவிடும்.

ஆனால் அலை பெரிதாக இருக்கும் நாட்களில் அந்தக் கொக்கி குலுக்கத்தில் தானாகவே திறந்துவிடும். பிறகு நனைந்த கயிற்றை இழுத்தெடுத்துத் திரும்ப மாட்டுவதற்குள் பின்தளத்தில் நிற்பவனுக்கு முதுகு முறிந்துபோகும். ஆகவே அதை ஒரு துண்டுக் கயிற்றால் இறுக்கிக் கட்டிவிடுவது பின்தளத்துக்காரர்களின் கள்ளப் பழக்கம். அண்ணாவின் படகில் அந்தப் பழக்கத்துக்கு இடமில்லை. கட்டினவனைக் கடலில் போடுவேன் என்று சொல்லியிருந்தார்.

தென்மேல் காற்று அடித்துக்கொண்டிருந்த ஒரு காலை. கருங்கல் ஏற்றிய பாரப்படகு ஒன்றை இழுத்துக்கொண்டு அலைதடுப்புக்கு வெளியே போனோம். கொக்கி இரண்டு தரம் தானாகத் திறந்துவிட்டது. இரண்டு தரமும் நான்தான் மாட்டினேன். மற்றவர்கள் பிளேன்டீ குடித்துக்கொண்டிருந்த நேரம் பார்த்து, மூன்றாவது தரம் அதைக் கட்டிவிட்டேன். கொக்கியைக் கட்டியவன் நான். அண்ணா அல்ல. பன்னிரண்டு வருடமாக என் தொண்டையில் சிக்கியிருந்தது இது.

பத்து நிமிடம்கூடப் போகவில்லை. பாரப்படகு அலையில் விலகி ஓட, எங்கள் படகு ஒருபக்கமாகச் சரிந்தது. தண்ணீர் தளத்தில் ஏறிவிட்டது. அண்ணா பிடியை இழுத்திருக்கிறார், கொக்கி திறக்கவில்லை. நானோ தூணைப் பிடித்துக்கொண்டு மரம்போல நின்றேன். அண்ணா சுக்கானை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டு, கோடாலியோடு பின்தளத்துக்கு ஓடி வந்தார். நான் கட்டிய துண்டுக் கயிற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். என்னை ஒரு கையால் தள்ளிவிட்டு ஒரே வெட்டில் அந்தத் துண்டுக் கயிற்றை அறுத்தார். கொக்கி திறந்தது, படகு நிமிர்ந்தது, பாய்ந்து போன கயிறு அவருடைய வலது முழங்காலை அடித்துக்கொண்டு போனது.

ஏழு பேரும் உயிரோடு கரைக்கு வந்தோம். பாரப்படகு பாறையில் ஏறி உடைந்தது.

ஆஸ்பத்திரியில் அண்ணாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று அழுதேன். நானே கம்பனியில் போய்ச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் என் சேட்டுக் கொலரைப் பிடித்துக் கிட்ட இழுத்தார்.

"வாயைத் திறந்தியோ, பல்லுக் கழண்டிடும். டொக்டர் சொல்லிப்போட்டார், இந்தக் காலோட நான் இனி டக்கில ஏற ஏலாதாம். என்ரை கதை முடிஞ்சுது. நீயும் போனா ரெண்டு வீட்டிலயும் அடுப்பெரியாது. உன்ரை மனிசி பிள்ளைத்தாச்சி. கட்டச் சொன்னது நான் எண்டு சொல்லப்போறன். அந்தோனியார் மேல சத்தியம் பண்ணு."

பண்ணினேன். என்னைப் போல ஒரு கோழை உலகத்தில் இருக்க மாட்டான்.

கம்பனியின் கொள்ளுப்பிட்டி அலுவலகத்தில் விசாரணை நடந்தது. அண்ணா ஊன்றுகோலோடு வந்து, "கட்டச் சொன்னது நான்" என்று ஒரே வசனத்தில் முடித்துவிட்டார். கப்டன் பதவி போனது. கயிறுகளும் சங்கிலிகளும் வைக்கும் களஞ்சியத்தில் இருத்தினார்கள். அவர் தூக்கிவிட்ட பையன்கள் அவரிடமே வந்து கயிறு வாங்கிப் போனார்கள். நான் பரீட்சை எழுதிக் கப்டன் ஆன அன்று, களஞ்சிய வாசலில் நின்று எனக்குக் கைகொடுத்தார். "கொக்கியைப் பார்த்துக்கொள்ளுங்கோ, கப்டன்" என்றார். அதில் குத்தல் இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

ஓய்வு பெற்றபின் அண்ணாவும் அண்ணியும் மகளோடு இருக்க வெள்ளவத்தைக்குப் போனார்கள். அங்கே கடற்கரை ரெயில் பாதையோரம் பின்னேரங்களில் அண்ணா நிற்பார். சிறுநீரக நோய் வந்து, களுபோவில ஆஸ்பத்திரியில் கடைசி இரண்டு மாதமும் கிடந்தார். போவதற்கு முதல் நாளும் எனக்குக் கண்ணால் சத்தியத்தை ஞாபகப்படுத்தினார்.

செத்தவீட்டில் அண்ணா பெட்டியில் கிடக்கும்போதே, எங்கள் சொந்தத்தில் ஒருவர் சொன்னார்: "தங்கமான மனுசன். அந்தக் கொக்கி விசயத்தில மட்டும் புத்தி கெட்டுப் போச்சு." நான் பக்கத்தில் நின்றேன். அவருக்குத் தேத்தண்ணி எடுத்துக் கொடுத்தேன். அன்றிலிருந்து எனக்கு நித்திரை ஒழுங்காக இல்லை.

இந்தக் கட்டுரையை அச்சுக்குக் கொடுக்கும் முன் அண்ணியிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இரண்டு தரம் வாசித்தார்.

"தம்பி, இது உண்மையே?"

"ஓம் அண்ணி."

தாள்களை மடித்து மடியில் வைத்தார். பிறகு சொன்னார்: "நான் அவரை எத்தினை தரம் ஏசியிருக்கிறன் தெரியுமே? ஏழு பேற்ரை உயிரோட விளையாடினனீங்கள் எண்டு பிள்ளையளுக்கு முன்னாலயே கேட்டனான். அந்த மனுசன் சோத்துக் கோப்பையில கையை வச்சபடி பேசாம இருக்கும். நான் குற்றம் செய்த ஆள் எண்டு நினைச்சன்."

"இதைப் போடவோ, விடவோ அண்ணி?"

"போடுங்கோ. ஒரு எழுத்தும் குறைக்காமப் போடுங்கோ. ஆனா கொஞ்ச நாளைக்கு இந்த வீட்டுப் பக்கம் வராதேங்கோ. எனக்கு உங்களைப் பார்க்க ஏலாது."

சரி என்று சொல்லிவிட்டு வந்தேன். இதே விஷயத்தைக் கம்பனிக்கும் எழுதிக் கொடுத்துவிட்டேன். என் பதவி நிற்குமா போகுமா தெரியாது. போனால் போகட்டும்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அன்று அண்ணாவைக் கைத்தாங்கலாகக் கரையில் இறக்கிய படகுத் தோழர்கள், களஞ்சியத்தில் அவர் வேலை செய்த காலத்தில் மதியச் சாப்பாட்டைத் தவறாமல் ஏந்தி வந்து கொடுத்த துறைமுகத்துச் சகோதரர்கள், களுபோவிலவில் அவரைத் தங்கள் தகப்பனைப் போலப் பார்த்த தாதிமார், இறுதி மன்றாட்டு நடத்திய சுவாமியார், கொட்டாஞ்சேனைக்கும் வெள்ளவத்தைக்கும் அலைந்து திரிந்த அயலவர்கள், எல்லோரையும் கைகூப்பி வணங்குகிறோம். உங்களை நன்றாக உபசரிக்காமல் விட்டிருந்தால் அந்த நாளின் துக்கத்தை எண்ணிப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, உங்களுக்குச் செய்த சத்தியத்தை இன்று மீறிவிட்டேன். ஏசுவதென்றால் ஏசுங்கள், கேட்க ஆசையாக இருக்கிறது.

உறவினர்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். இனி எங்கேயாவது அந்தக் கொக்கிக் கதை வந்தால் அண்ணாவின் பெயரை விட்டுவிட்டு என் பெயரைச் சொல்லிக் கதையுங்கள். நான் பக்கத்தில் நின்றால் குரலைத் தாழ்த்த வேண்டாம்.