தபோதரனின் சாப்பாட்டுக் கொப்பி

தபோதரனுக்கு எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. ஜெர்மனியில், றூர்ப் பக்கத்துப் பொதிக் கிடங்கு ஒன்றில் பதினெட்டு வருடமாகப் பெட்டி அடுக்குகிறார். வீட்டு ஜன்னலில் நின்றால் உருக்காலையின் மூன்று புகைபோக்கிகளும் தெரியும். காலையில் துடைத்த ஜன்னல் விளிம்பு மத்தியானமே கறுத்துவிடும். மகள் யதுசாவுக்கு ஏழு வயது. முதலில் மூச்சு இழுத்தது, இன்ஹேலர் கொடுத்தார்கள். பிறகு உடம்பில் அரிப்போடு தடிப்பும் வரத் தொடங்கியது.

பிள்ளை சாப்பிடுகிற எல்லாவற்றையும் எழுதிவரும்படி ஆஸ்பத்திரி உணவு ஆலோசகர் சொன்னார். தபோதரன் கொப்பி வாங்கிக் கோடு போட்டார். எத்தனை இடியப்பம், எத்தனை கரண்டி பருப்பு, அன்று காற்று எந்தப் பக்கம், எல்லாம் எழுதினார். அதைப் பார்த்துப் பாலை நிறுத்தினார்கள். பிறகு முட்டை, மீன், கோதுமை. ஐந்து மாதத்தில் பிள்ளைக்கு மிஞ்சியது சோறும் பூசணியும்தான். இரண்டு கிலோ இறங்கிவிட்டாள். இன்னும் இறங்கினால் ஆஸ்பத்திரியில் படுக்கவைப்பதாகச் சொல்லிவிட்டார்கள். தடிப்போ சனிக்கிழமை தவறாமல் வந்தது. லீவு நாளில் கேட்க ஆளில்லை என்று ஆலைக்காரர் புகையைக் கூட்டி விடுகிறார்கள் என்பது தபோதரனின் முடிவு.

ஆஸ்பத்திரியில் குறித்துக் கொடுத்த அடுத்த டெர்மினுக்குப் போனபோது அந்த ஆலோசகர் லீவு. பதிலுக்கு இருந்தவர் சிவப்பிரியா என்கிற நம் தமிழ்ப் பிள்ளை, அங்கேயே வளர்ந்தவர். கொப்பியை முழுதாகப் புரட்டினார்.

"அண்ணை, சனிக்கிழமையில எங்கயும் போறனீங்களோ?"

"ஓம், கோயிலுக்கு. பிள்ளைக்கு மூச்சு இழுக்கத் தொடங்கின நேரம் சாத்திரி சனி தோசம் எண்டவர். ஆறு மாதமா விரதமிருந்து எள்ளெண்ணெய் எரிக்கிறன்."

"அங்க பிள்ளை என்ன சாப்பிடுறவ?"

"ஒண்டுமில்லை."

"எள்ளுச்சாதம்," என்றாள் யதுசா. "அப்பா தன்ர பங்கையும் எனக்குத் தாறவர்."

"அது பிரசாதமெல்லோ," என்றார் தபோதரன். "சாப்பாடு இல்லையே."

சிவப்பிரியா கொப்பியை மூடி வைத்துவிட்டு, இரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

பிள்ளைக்கு எள் ஒன்றுதான் ஒத்துக்கொள்ளவில்லை என்று முடிவு வந்தது. மூச்சு இழுப்புக்கு மட்டும் புகையைக் குற்றம் சொல்லலாம் என்றார்கள். புகைபோக்கியை நிறுத்துகிற கொப்பி யாரிடமும் இல்லை. மற்றச் சாப்பாடுகள் ஒவ்வொன்றாகத் திரும்பி வந்தன. முதல் முட்டையை அவித்து நாலாக வெட்டிக் கொடுத்தார். யதுசா சாப்பிட்டுவிட்டு இன்னொன்று கேட்டாள். தபோதரனுக்கு அழுகை வந்தது. அடுப்புப் பக்கம் திரும்பி நின்று அழுதபடியே இரண்டாவதை அவித்தார்.

பிள்ளை சாப்பிட்டு முடித்ததும் கொப்பியை எடுத்தார். முதல் சனிக்கிழமையைத் தேடிப் பிடித்து, இடியப்பம், பருப்புக்குக் கீழே எழுதினார்: எள்ளுச்சாதம், இரண்டு பங்கு. கொடுத்தது அப்பா.

இருபத்திரண்டு சனிக்கிழமைகளுக்கும் அப்படியே எழுதிவிட்டுத்தான் எழுந்தார்.