ரெங்கத்தில் பாதிக்கு ஒரு பந்து

1932 ஏப்ரல் 16, சனிக்கிழமை. காலை ஏழேகால்.

சிங்கப்பூர் டாங்க் ரோடு ஸ்டேஷனில் ரயில் ஏறும்போது என்னிடம் மூன்று சாமான்கள் இருந்தன. உடுப்புப் பை ஒன்று, காற்று இறக்கிய தோல் பந்து பம்போடு ஒன்று, எட்டாம் நம்பர் பூட்ஸ் ஒரு ஜோடி. பூட்ஸின் நாடாக்களை ஒன்றாக முடிந்து தோளில் தொங்கவிட்டிருந்தேன். டிக்கெட் பார்த்தவர் பூட்ஸையும் என் தொந்தியையும் மாறி மாறிப் பார்த்தார். நான் ஆடுகிறவன் அல்ல, ஆட்டத்தைப் பற்றிப் பேசுகிறவன். அந்தப் பேச்சில் என்னை ஜெயிக்க சிங்கப்பூரில் ஆள் இல்லை என்பதை அடக்கத்தோடு சொல்லிக்கொள்கிறேன்.

அதற்குக் காரணம் என் வேலைதான். கப்பல் கம்பெனி ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கிறேன். கப்பல்காரர்கள் படித்துவிட்டுப் போடும் வெளியூர்ப் பத்திரிகைகள் இரண்டு மூன்று மாதம் பழசாகி என் மேசைக்கு வரும். மற்றவர்கள் அதில் மீன் சுற்றிக்கொண்டு போவார்கள். நான் காற்பந்துச் செய்திகளை வெட்டி நோட்டில் ஒட்டுவேன்.

கடலுக்கு அந்தப் பக்கம் ஜோகூரில் உள்ள ரெங்கத்துக்கு மூன்றாம் வகுப்பு ஒரு வெள்ளி இருபது காசு. அடுத்த மாதம் தஞ்சோங் பகாரில் புது ஸ்டேஷன் திறக்கப் போகிறார்கள். டாங்க் ரோட்டிலிருந்து இதுவே என் கடைசிப் பயணமாக இருக்கலாம். அதற்காக யாரும் அழவில்லை. எல்லோரும் ஜன்னல் பக்கம் இடம் பிடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள்.

போகிற காரியத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் கிளப்புக்கு ஒரு முன்வரிசை ஆட்டக்காரர் வேண்டும். கிளப்பை ஆதரிக்கும் முதலாளி, அப்படி ஓர் ஆள் கிடைத்தால் ஆற்றோரம் போட் கீயில் உள்ள தம் கிடங்கில் வேலை தருவதாக வாக்குக் கொடுத்திருந்தார். என் தங்கை வீட்டுக்காரர் ஆரோக்கியசாமி ரெங்கத்துப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கர். ‘இங்கே ஒருவன் இருக்கிறான், வந்து பார்’ என்று எழுதியிருந்தார். செக்ரட்டரி என்னிடம் ஒரு கடிதம் கொடுத்தார். அதில் இரண்டே வாசகம். ஓர் ஆள் மட்டும். பூட்ஸ் போட்டு ஆடுகிறவராக இருக்க வேண்டும்.

காலை எட்டரை. ஜோகூர் பாலம்.

பாலம் முக்கால் மைலுக்குச் சற்றுக் குறைவு. இரண்டு பக்கமும் கடல், நடுவே நாங்கள். எதிரில் உட்கார்ந்திருந்த துணி வியாபாரி, குளுவாங் போகிற பாய், பூட்ஸைப் பார்த்து விசாரித்தார். இப்படி ஒருவர் கேட்டால் நான் விடுவேனா? இரண்டு வருடத்துக்கு முன் உருகுவே தேசத்தில், மாண்டவிடியோ நகரத்தில் நடந்த முதல் உலகக் கோப்பையைப் பற்றி ஆரம்பித்துவிட்டேன். ஐரோப்பாவிலிருந்து போனவை நாலே அணிகள். அவற்றில் மூன்று ஒரே கப்பலில் போயின. மேல்தளத்திலேயே ஓடிப் பழகினார்கள். கடைசி ஆட்டத்தில் நாலாவது கோலைப் போட்டவருக்கு ஒரு கை முழங்கைக்குக் கீழே கிடையாது. அந்த ஆட்டத்தின் ரெஃபரி பெல்ஜியத்துக்காரர். கூட்டம் அடிக்க வந்தால் தப்பித்துப் போக, துறைமுகத்தில் கப்பல் தயாராக நிற்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத்தான் விசிலைக் கையில் எடுத்தாராம்.

பாய் வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்தார். “இங்கேயும் கப்பல் தயாராத்தான் நிக்குது தம்பி. ரப்பர் விலை விழுந்ததுலேருந்து தோட்டத்து ஆளுங்களைக் கூட்டங்கூட்டமா ஊருக்கு ஏத்தி அனுப்புறாங்க. அவங்க யாரும் கேக்கலை, அதான் வித்தியாசம்” என்றார்.

காலை பதினொன்று. ரெங்கம்.

கூலாயைத் தாண்டினால் ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரம் தவிர வேறொன்றும் இல்லை. ரெங்கம் ஒரு தெருவும் கொஞ்சம் கடைகளும் உள்ள ஊர். கோப்பிக் கடையில் கோப்பி மூன்று காசு, நல்ல திடம். ஆரோக்கியசாமி தோட்டத்து லாரியோடு வந்திருந்தார். செம்மண் பாதையில் நாலு மைல். வழியில் பாதி மரங்கள் பால்வெட்டு இல்லாமல் நின்றன. பால் எடுக்கிற கூலிக்குக்கூட ரப்பர் விலை கட்டவில்லையாம்.

“மச்சான், ஒண்ணு சொல்லிடுறேன்” என்றார் அவர். “நான் எழுதினேனே, அந்த முனியாண்டி பேரு கப்பல் லிஸ்ட்ல இருக்கு. வர்ற புதன்கிழமை கப்பல். வேற எடத்துல வேலை இருக்குன்னு ஒரு கடுதாசி காட்டினா துரை பேரை அடிச்சிடுவாரு. அதுக்குத்தான் உங்களை அவசரமா கூப்பிட்டேன்.”

“ஆட்டம் எப்படி?”

“அதை நீங்க பாத்துக்கங்க. நான் சொன்னா, நம்ம தோட்டத்து ஆளுன்னு தூக்கிப் பேசுறேன்பீங்க.”

சாயங்காலம் முனியாண்டியே வந்தார். இருபத்தைந்து வயது இருக்கும். பால் வெட்டுக்காரர், ஒல்லியான ஆள். கூட அவர் மனைவி செல்லம்மா. நான் பூட்ஸை நீட்டினேன். அவர் அதைத் தொடாமல் என்னைப் பார்த்தார்.

“ஐயா, நான் வந்து பன்னெண்டு வருசம் ஆச்சு. இவ இந்தத் தோட்டத்துலேயே பொறந்தவ. ஊருன்னு சொல்லி இவளை எங்க கூட்டிட்டுப் போறது? அங்க எங்களுக்குன்னு யாரும் இல்லீங்க.”

“நாளைக்கு நல்லா ஆடுங்க. மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்றேன். தைரியம் சொல்வதில் நான் என்றும் கஞ்சத்தனம் பார்த்ததில்லை.

ஏப்ரல் 17, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் நாலரை.

திடல் ரப்பர் புகைக்கூடத்துக்கும் கூலிகள் குடியிருக்கும் லயத்துக்கும் நடுவில் இருந்தது. கோல் கம்பங்கள் காட்டு மரம். எதிரணி ரெங்கம் டவுன்காரர்கள், பதினொரு பேரும் பூட்ஸ் போட்டவர்கள். அவர்கள் கேப்டன் சின்னப்பா மரப்பட்டறையில் வேலை செய்கிறவர், உரத்த குரல்காரர். தோட்டத்து அணியில் எல்லோரும் வெறுங்கால். முனியாண்டி மட்டும் என் தயவால் பூட்ஸில் நின்றார். விசில் ஆரோக்கியசாமி கையில்.

ஆட்டம் தொடங்குமுன்பே சண்டை தொடங்கியது. தோட்டத்துக்காரர்கள் ஒரு பந்து கொண்டுவந்தார்கள். மரத்து வெட்டில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை நூல் நூலாக உரித்து, சுற்றிச் சுற்றிச் செய்த பந்து. கறுப்பு நிறம், புகை வாடை. தரையில் போட்டால் ஆள் உயரத்துக்கு எகிறியது. உலகத்துக்கே ரப்பர் எடுத்துக் கொடுக்கிறவர்கள் தமக்கென்று செய்துகொண்ட பந்து அது. எனக்கு அதைப் பார்க்கப் பெருமையாக இருந்தது.

“இது பந்தா, பிசாசா? என் மூக்கை ஒடைக்கவா?” என்று சின்னப்பா கத்தினார். தோட்டத்துக் கோல் கீப்பர் கருப்பையாதான் அந்த அணிக்குக் கேப்டன். அவர் நான் கொண்டுபோயிருந்த தோல் பந்தைக் கால் விரலால் தள்ளிப் பார்த்து, “இது எங்க பந்து இல்ல” என்று மட்டும் சொன்னார்.

என் நேரம் வந்துவிட்டது. நடுத்திடலுக்குப் போய் நின்றேன். “மாண்டவிடியோவில் கடைசி ஆட்டத்தில் இதே தகராறு வந்தது. அர்ஜென்டினாக்காரர்கள் தங்கள் பந்து என்றார்கள், உருகுவேக்காரர்கள் தங்கள் பந்து என்றார்கள். முதல் பாதி அவர்கள் பந்து, இரண்டாம் பாதி இவர்கள் பந்து என்று முடிவானது. அர்ஜென்டினா தன் பந்தில் இரண்டுக்கு ஒன்று முந்தியது. உருகுவே தன் பந்தில் நாலுக்கு இரண்டு என்று கோப்பையையே எடுத்துக்கொண்டது. உலகக் கோப்பைக்கு ஒத்துவந்தது ரெங்கத்துக்கு ஒத்துவராதா?” என்று கேட்டேன். இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டார்கள். காசைச் சுண்டியதில் முதல் பாதிக்குத் தோல் பந்து விழுந்தது.

அந்த முதல் பாதியை எழுதவே எனக்குக் கூச்சமாக இருக்கிறது. முனியாண்டி ஓடினார், பூட்ஸ் ஓடவில்லை. ஒருமுறை பந்துக்குப் பதில் தரையை உதைத்தார். இன்னொருமுறை தன் காலே தடுக்கி விழுந்தார். டவுன்காரர்கள் இரண்டு கோல் போட்டார்கள். செக்ரட்டரிக்கு எப்படி எழுதுவது என்று மனதுக்குள் வாசகம் அமைத்துக்கொண்டிருந்தேன். ‘ஆள் நல்லவர், ஆட்டம் போதாது.’ செல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

இடைவேளையில் மழை பிடித்தது. முனியாண்டி சேற்றில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினார். குதிகாலில் ரத்தம். கால் விரல்கள் விசிறி மாதிரி விரிந்திருந்தன. செருப்பே அறியாத காலை எட்டாம் நம்பரில் திணித்தது யார்? நான்தான். 1911இல் கல்கத்தாவில் வங்காளிகள் வெள்ளைக்காரப் பட்டாளத்து அணியைத் தோற்கடித்துக் கேடயம் வாங்கினார்களே, அந்தப் பதினொரு பேரில் பூட்ஸ் போட்டவர் ஒரே ஒருவர். இதை நான் நூறு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த நூறு பேரில் நான் சேர்த்தி இல்லை போலிருக்கிறது.

கருப்பையா ஒட்டுப்பால் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். “போட்டும்டா. இனிமே நம்ம பந்து. பாத்துக்கலாம்.”

முனியாண்டி தலை நிமிரவில்லை. “கருப்பையாண்ணே, தோல் பந்தே இருக்கட்டும்ணே.”

“என்னடா சொல்றே?”

“நம்ம பந்துல பத்து கோல் போட்டாலும் அந்த ஐயாவுக்குக் கணக்கில்லண்ணே. சிங்கப்பூர்ல தோல் பந்துதான். எனக்கு இந்தப் பாதி மட்டுந்தான் இருக்கு.”

மழை வலுத்தது. கருப்பையா மெதுவாகச் சொன்னார். “மூணு வருசமா இவங்ககிட்ட தோத்துக்கிட்டிருக்கோம்டா. இந்தப் பந்தை வச்சு இன்னிக்கு ஜெயிச்சுடலாம்னு இருந்தோம்.” பிறகு மற்றவர்கள் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒவ்வொருவராகத் தலையசைத்தார்கள். அவர் நடந்து போய், ஓரத்தில் உட்கார்ந்திருந்த செல்லம்மாவின் மடியில் அந்தப் பந்தைப் போட்டார். “வச்சுக்க தாயி” என்றார்.

சின்னப்பாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

ஐந்தரை மணி.

ஈரத்தில் ஊறிய தோல் பந்து கல் மாதிரி கனக்கும். வெறுங்காலால் அதை உதைக்கிறவர் விரலால் உதைக்கக் கூடாது, புறங்காலால் தள்ளிச் சுழற்ற வேண்டும். முனியாண்டிக்கு இதை யாரும் சொல்லித்தரத் தேவைப்படவில்லை. பூட்ஸ்காரர்கள் சேற்றில் வழுக்கினார்கள். அவர் விரல்களைத் தரையில் ஊன்றி ஊன்றித் திரும்பினார். பத்தாவது நிமிடம் இரண்டு பேரை விலக்கிக்கொண்டு போய் முதல் கோல். தங்கை வீட்டிலிருந்து எடுத்துவந்த குடையை நான் எப்போது விட்டெறிந்தேன் என்று தெரியாது.

பிறகு கார்னர் கிடைத்தது. முனியாண்டி பந்தை மூலையில் வைத்து ஒருமுறை துடைத்தார். உதைத்தது வெளியே போகிற பந்து என்றுதான் நினைத்தேன். அது வளைந்து வந்து, யார் மேலும் படாமல், தூரக் கம்பத்தை ஒட்டி உள்ளே விழுந்தது.

“அலமாக்! கார்னர்லேருந்து நேரா கோலா? செல்லாதுலா!” என்று சின்னப்பா ஓடிவந்தார். ஆரோக்கியசாமி விசிலை வாயில் வைத்தபடி என்னைப் பார்த்தார்.

“செல்லும்” என்றேன். “1924இலேயே விதியை மாற்றிவிட்டார்கள். அதே வருடம் புவனோஸ் அயர்ஸில் ஓர் அர்ஜென்டினாக்காரர் உருகுவேக்கு எதிராக இதே மாதிரி போட்டார். அதையும் கோல் என்றுதான் எழுதியிருக்கிறது.”

“புஸ்தகம் இருக்கா?”

“என் தலைக்குள் இருக்கிறது.”

“என் மச்சான் வேற விஷயத்துல பொய் சொல்லுவாரு, காற்பந்துல சொல்ல மாட்டாரு” என்று ஆரோக்கியசாமி விசில் ஊதினார். இரண்டுக்கு இரண்டு.

இங்கே நிறுத்திவிட்டால் எவ்வளவு அழகாக இருக்கும்! ஆனால் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது டவுன்காரர் ஒருவர் தூரத்திலிருந்து அடித்த பந்து கருப்பையாவின் கையில் நன்றாகவே வந்து விழுந்தது. நனைந்த தோல் வழுக்கியது. பந்து அவர் கால்களுக்கு நடுவே கோலுக்குள் போயிற்று. மூன்றுக்கு இரண்டு, தோட்டம் தோற்றது. ஒட்டுப்பால் பந்தாக இருந்திருந்தால் அவர் கை வழுக்கியிருக்காது. நாலாவது வருடமும் அவர்கள் தோற்றார்கள்.

கருப்பையா கைகளை வேட்டியில் துடைத்துக்கொண்டு என்னிடம் வந்தார்.

“கடுதாசி எழுதிட்டீங்களா?” என்றார்.

ஏப்ரல் 18, திங்கட்கிழமை. காலை ஏழு.

எழுதினேன். கிடங்கில் வேலை உண்டு என்று முதலாளி சார்பில் என் கையெழுத்து. துரை பங்களாவிலிருந்து ஆரோக்கியசாமி சிரித்துக்கொண்டே இறங்கி வந்தார். கப்பல் லிஸ்டில் இரண்டு பெயர்கள் மேல் சிவப்பு மையால் கோடு. செல்லம்மா ஒரு மாதம் என் தங்கை வீட்டில் இருந்துவிட்டுப் பிறகு வருவதாக ஏற்பாடு. செக்ரட்டரி பூட்ஸைப் பற்றிக் கேட்பார். கேட்கட்டும். அவருக்கு வங்காளிகளைப் பற்றி ஒரு மணி நேரம் சொன்னால் போதும்.

தோல் பந்தையும் பம்பையும் கருப்பையாவிடம் கொடுத்துவிட்டேன். ஒட்டுப்பால் பந்தை அவர்கள் முனியாண்டிக்குக் கொடுத்துவிட்டார்கள். பூட்ஸ் மட்டும் போன மாதிரியே என் தோளில் திரும்பியது.

பிற்பகல் மூன்று. ஜோகூர் பாலம்.

கடலைப் பார்த்ததும் முனியாண்டி பந்தை மடியில் இறுக்கிக்கொண்டார். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கப்பலில் பார்த்ததற்குப் பிறகு இப்போதுதான் கடலைப் பார்க்கிறாராம். பாலத்தின் நடுவில் வரும்போது கேட்டார்.

“ஐயா, அந்த உருகுவே ஊர்ல ரெண்டாவது பாதிக்குத் தங்களோட பந்தை விட்டுக் குடுக்கலாம்னு யாரும் சொல்லலையா?”

“இல்லை. ஏன் விட்டுக்கொடுக்க வேண்டும்? உலகக் கோப்பை ஆயிற்றே.”

அவர் மடியில் இருந்த பந்தை ஒருமுறை உருட்டினார். “அப்ப அவங்க ஆளுங்க யாரு பேரும் கப்பல் லிஸ்ட்ல இல்ல போலிருக்கு” என்றார்.

இந்தக் கட்டுரையின் முதல் பத்தியில், பேச்சில் என்னை ஜெயிக்க ஆள் இல்லை என்று ஒரு வரி எழுதியிருக்கிறேன். அதை அடித்துவிடுகிறேன்.