ஒரு நாள் முன்னால் வந்த வலி

சத்யப்பிரியா எனக்கு ஓரகத்தி. என் கொழுந்தன் ரஞ்சித்குமாரின் மனைவி. ஓரகத்திகள் ஒட்டி உறவாடிய கதையை நான் கேட்டதில்லை, நாங்களும் விதிவிலக்கில்லை. அவள் வைக்கிற ரசத்தில் புளி அதிகம் என்பேன். நான் சாதாரணமாகப் பேசினாலே சண்டைக்கு வருவதுபோல் இருக்கிறது என்பாள். என் தொண்டை அப்படி, அதற்கு நான் என்ன செய்வது? இருந்தாலும் அவளைப் பற்றிச் சொல்ல என்னை விட்டால் ஆளில்லை. அன்றைக்கு அந்த அறையில் அவளோடு நின்றது நான்தான்.

அவள் பயந்த சுபாவம் இல்லை. வெங்காயம் சேர்த்து வைக்கிற பட்டறைக்குள் பாம்பு புகுந்தபோது ஆண்பிள்ளைகள் எல்லாம் வெளியே நின்று ஆளுக்கொரு யோசனை சொல்ல, இவள்தான் கம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். ஆனால் பிரசவம் என்று யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்விடுவாள். தலைப்பிரசவம் வழக்கப்படி தாய் வீட்டோடு நடந்தது. குழந்தை முத்தமிழைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தவள், அங்கே என்ன நடந்தது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. கேட்டால், "அதெல்லாம் எதுக்குக்கா" என்பாள்.

இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டார் பொறுப்பு. இந்தத் தடவை ஆபரேஷன்தான் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா எல்லாம் நன்றாக இருக்கிறது, கத்தி எதற்கு என்றார். இவள் கேட்கவில்லை. மயக்கம் கொடுத்துவிடுவார்கள், கண்ணை விழித்தால் பிள்ளை, நடுவில் எதுவும் தெரிய வேண்டாம். அது போதும் அவளுக்கு. ரஞ்சித் அரியலூரில் சிமெண்ட் லாரி ஓட்டுகிறான், பெண்டாட்டி அழுதால் தாங்க மாட்டான். பெரம்பலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சொல்லிவைத்தான். எங்கள் மாமியார் ஆண்டாயி, அறுப்பதுதான் அறுக்கிறார்கள், நல்ல நாளாகப் பார்த்து அறுக்கட்டும் என்று ஜோசியரிடம் போய் வியாழக்கிழமை காலை என்று குறித்து வாங்கி வந்தார்.

புதன்கிழமை காலையில் பட்டறை வாசலில் வெங்காயத்தின் காய்ந்த தாளை அறுத்துக்கொண்டிருந்தோம். நிறைமாதக்காரி உட்கார வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். சும்மா இருந்தால் கண்டதையும் நினைக்கத் தோன்றுகிறது என்று வந்து உட்கார்ந்தாள். அந்த வேலையில் அவளை யாரும் முந்த முடியாது. அன்றைக்கு அவள் பக்கத்துக் குவியல் குறையவே இல்லை. திரும்பிப் பார்த்தேன். ஒரு கொத்தைப் பிடித்தவள் அறுக்காமல் அப்படியே இறுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஒன்றும் நடக்காததுபோல் கடகடவென்று அறுத்தாள். மறுபடியும் நின்றாள்.

எனக்கு விளங்கிவிட்டது. நானும் இரண்டு பெற்றவள்தானே.

"ஏ சத்யா, எப்பலேர்ந்து வலிக்குது?"

"வலியெல்லாம் இல்லக்கா. வாயு."

"வாயுவுக்கு ஏன்டி உதட்ட கடிக்கிற?"

கத்தியைக் கீழே வைத்தாள். கண் நிறைந்துவிட்டது. "ராத்திரிலேர்ந்துக்கா. யாருகிட்டயும் சொல்லிடாதீங்க. நாளைக்குக் காலைல வரைக்கும் பல்ல கடிச்சிக்கிட்டு இருந்துடுறேன். இப்ப சொன்னா இங்க பக்கத்துல கொண்டுபோயி அந்த டேபிள்ல ஏத்திடுவாங்க. என்னால முடியாதுக்கா. செத்துடுவேன்."

எனக்கு வந்த ஆத்திரத்தில் அறைந்திருப்பேன். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கு வியாழக்கிழமையும் தெரியாது, ஜோசியரையும் தெரியாது. வலியை ஒளித்துவைத்து ஒரு பகலும் ஒரு இரவும் ஓட்டப் பார்க்கிறாள். திட்ட வாயைத் திறந்த நேரத்தில் அடுத்த வலி வந்தது. என் முழங்கையை அவள் பிடித்த பிடியில் எனக்கே பயம் வந்துவிட்டது.

என் வீட்டுக்காரர் குருநாதன் குட்டியானை வண்டியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். ஏற்றியதை இறக்கச் சொல்லி அவளை முன்னால் உட்கார வைத்தேன். பெரம்பலூர் வரைக்கும் தாங்காது என்று எனக்குத் தோன்றியது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு விடச் சொன்னேன். வழியில் மாமியாருக்குப் போன் போட்டேன்.

"நாள் குறிச்சிருக்கே மலரு. ஒரு பொழுதுதானே, தாங்க மாட்டாளா?"

"வேணும்னா நீங்க வந்து தாங்குங்க அத்த" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். செம்மண் பாதை முடிந்து தார் ரோட்டில் ஏறும்போது பனிக்குடம் உடைந்தது.

அங்கே பணியில் இருந்தவர் நர்மதா என்ற நர்ஸ். வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், பிள்ளையின் துடிப்பைக் கேட்டார், உள்ளே பரிசோதித்தார். இனிமேல் எங்கேயும் அனுப்ப நேரமில்லை, தாயும் பிள்ளையும் நன்றாக இருக்கிறார்கள், ஏதாவது என்றால் ஆம்புலன்ஸ் வாசலிலேயே நிற்கிறது என்றார். பிரசவ அறைக் கதவைத் திறந்ததும் சத்யா நிலைப்படியைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே இருந்த பிரசவ மேசையைப் பார்த்தவள் ஓரடிகூட எடுத்து வைக்கவில்லை.

"ஏற மாட்டேன். என்ன ஆபரேஷனுக்கு அனுப்புங்க. கையெடுத்துக் கும்புடுறேன்."

"அடியே, புள்ள தல கீழ வந்துடுச்சுடி" என்று நான் கத்தினேன்.

நர்மதா என்னைப் பார்த்துக் கையமர்த்தினார். "நீங்க கொஞ்சம் சும்மா இருங்கம்மா" என்றார். வேறு நேரமாக இருந்தால் பதிலுக்குப் பேசியிருப்பேன். அவர் சத்யாவின் பக்கத்தில் போய் நின்று, "முன்னாடி என்ன பண்ணாங்க?" என்று கேட்டார். இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்கவில்லை. நான்கூட 'என்ன நடந்துச்சு' என்றுதான் கேட்டிருக்கிறேன்.

வலிக்கு வலி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். தலைப்பிரசவத்தில் ஆஸ்பத்திரிக்காரர்கள் அம்மாவை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினார்களாம். காலைக் கட்டினார்களாம். கத்தினபோது தொடையில் அடித்து, 'புருஷனோட படுக்கறப்ப இந்தச் சத்தம் எங்க போச்சு' என்று ஒருத்தி கேட்டாளாம், மற்றவர்கள் சிரித்தார்களாம். பிள்ளையை எடுத்துக்கொண்டு போனவர்கள் சாயங்காலம்தான் கண்ணில் காட்டினார்களாம். அதுவரைக்கும் பிள்ளை இருக்கிறதா இல்லையா என்று தெரியாமல் கிடந்திருக்கிறாள். அவளை அடித்த கை மட்டும் அப்போது கிடைத்திருந்தால் முறித்திருப்பேன்.

"இங்க யாரும் உங்கள கட்ட மாட்டாங்க" என்றார் நர்மதா. "தொடுறதுக்கு முன்னாடி சொல்லிட்டுத்தான் தொடுவேன். உங்க அக்கா கூடவே இருப்பாங்க. மேசைல ஏற வேணாம், நில்லுங்க, நடங்க, எப்படி வசதியோ அப்படி இருங்க. சத்தம் போடணும்னா போடுங்க."

அவள் நம்பவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. இருந்தாலும் நிலைப்படியை விட்டாள். என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நின்றபடி, வலி வரும்போதெல்லாம் முழுப் பாரத்தையும் என்மேல் போட்டாள். முதலில் முனகினாள். முனகிவிட்டு நர்மதாவைத் திரும்பிப் பார்த்தாள், திட்டு வருகிறதா என்று. வரவில்லை. அடுத்த வலிக்கு வாய்விட்டுக் கத்தினாள். அந்தச் சத்தத்தை நான் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்.

திடீரென்று நர்மதாவின் முகம் மாறியது. பிள்ளையின் துடிப்பு மெதுவாகிவிட்டது. வயிற்றில் வைத்துத் துடிப்பைக் கேட்கிற கருவியின் சத்தம் விட்டு விட்டுக் கேட்டது. கட்டாயப்படுத்தித் தூக்கிப் படுக்கவைக்கப் போகிறார்கள், இவள் மறுபடியும் முரண்டு பிடிக்கப் போகிறாள், பிள்ளை போய்விடும் என்றே நினைத்தேன்.

"சத்யா, புள்ளைக்குக் கொஞ்சம் களைப்பா இருக்கு. இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுத்தா சரியாகும். மேசைலதான் படுக்கணும். படுக்குறீங்களா?"

கட்டளை இல்லை, கேள்விதான். சத்யா மேசையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "கைய விட்டுடாதீங்கக்கா" என்றாள். பிறகு தானாகவே ஏறிப் படுத்தாள்.

நாங்கள் மூன்று பேரும் மூச்சுவிடாமல் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தோம். செட்டிகுளத்து முருகனை நான் கூப்பிட்ட கூப்பாட்டுக்கு அளவில்லை. துடிப்பு மெல்ல மெல்லப் பழையபடி ஓட ஆரம்பித்தது. நர்மதா தலையாட்டினார்.

அதன்பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. தலை தெரிகிறது, தொட்டுப் பார்க்கிறீர்களா என்று நர்மதா கேட்டார். சத்யா பயந்து பயந்து கையைக் கீழே கொண்டுபோனாள். தொட்டவுடன் அவள் முகத்தில் இருந்த பயம் போய்விட்டது. பல்லைக் கடித்து, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே முக்கினாள். ஒரு வலி, இன்னொரு வலி. அடுத்ததில் பிள்ளை வழுக்கிக்கொண்டு வர, நர்மதா அப்படியே தூக்கி அவள் நெஞ்சில் வைத்தார். ஈரமும் ரத்தமுமாக அவள்மேலேயே கிடந்து வீறிட்டது.

"ஆம்பளப் புள்ள. கூட்டிட்டுப் போக மாட்டோம், இங்கயே வச்சுக்குங்க" என்றார் நர்மதா.

சத்யா இரண்டு கையாலும் பிள்ளையை மூடிக்கொண்டாள். ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்:

"முத்தமிழ அவங்க எடுத்தாங்கக்கா. இவன நான் பெத்தேன்."

அவள் கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. நான்தான் அங்கேயே நின்று அழுதேன்.